ஒரு நீலக் குண்டு குறைகிறது

கப்பல்காரனுக்கு அழவே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘டன்லின்’ போர்க்கப்பலின் ஆயுதப் பொறுப்பாளர் சீஃப் வில்ஃப்ரெட் காட்லி, பட்டப்பகலில், காலை பதினொன்றரை மணிக்கு, தொப்பியைக் கையில் வைத்துப் பிழிந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதார். முப்பத்தோரு வருஷம் கடற்படையில் இருந்தவர். அவர் மீசையைப் பார்த்தாலே புதுசாகச் சேர்ந்த மாலுமிகள் சல்யூட் அடித்துவிடுவார்கள். அந்த மீசை பூராவும் இப்போது கண்ணீர்.

கிளெம் போகாக்குக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அதனால் தன் புதுக் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டான். நல்ல கருநீலம். போன சனிக்கிழமைதான் வாங்கினான். துப்பறியும் நிபுணர் எனிட் ட்ரெகியரிடம் உதவியாளாகச் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில் அவன் வாங்கிய முதல் உருப்படியான துணி அதுதான். அதற்கு முன்னால் அவன் கடற்படையில் சமையல்காரன். சிக்கனம் சிக்கனம் என்று சொல்லி, அரசாங்கம் ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பிய நானூறு பேரில் ஒருவன்.

“அழுங்க சீஃப், தாராளமா அழுங்க,” என்றான் போகாக். “ஆனா நடுநடுவுல விஷயத்தையும் சொன்னீங்கன்னா நாங்களும் கூட உட்கார்ந்து அழலாம்.”

“போகாக்,” என்றார் எனிட் மேடம். ஐம்பத்தாறு வயது, குட்டையான உருவம், மழைக்கோட்டின் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. கடற்படைக் கிடங்கில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, போர்ட்ஸ்மவுத்தில் ஒரு மீன் வறுவல் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அங்கே வருகிற கட்சிக்காரர்கள் எல்லாரும் போகும்போது வினிகர் வாசனையோடுதான் போவார்கள்.

சீஃப் மூக்கை உறிஞ்சினார். “ஒரு குண்டு குறையுது மேடம்.”

“எந்த மாதிரிக் குண்டு?”

“ஹெலிகாப்டர்லேருந்து கடல்ல போடறது. நீர்மூழ்கிக் கப்பலை அடிக்கிறதுக்கு. நிஜக் குண்டையெல்லாம் போன வாரமே படகுல ஏத்திக் கரைக்கு அனுப்பிட்டேன். இது பயிற்சிக் குண்டு. உள்ள மருந்து கிடையாது, வெறும் சிமெண்ட். தப்பா நெனச்சுடக் கூடாதுன்னு நீலப் பெயிண்ட் அடிச்சிருக்கும். ஆறு இருந்துச்சு. காலைல பாத்தா அஞ்சு.”

“சிமெண்டுக்கா இவ்வளவு கண்ணீர்?” என்றான் போகாக். “எங்க வீட்டுப் பின்கட்டுல அரை மூட்டை கிடக்கு, வேணும்னா...”

“சிமெண்டுக்கு இல்லடா மடையா, என் பேத்திக்கு!”

கொட்டகைக்குள் அவர் குரல் எதிரொலித்தது. அது ஹெலிகாப்டர் நிறுத்துகிற கொட்டகை. ஆனால் ஹெலிகாப்டர் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால், செலவைக் குறைக்கிறோம் என்று அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அங்கே நாற்பது மடக்கு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. எதிரே, தரைவரைக்கும் கொடி போர்த்திய இடுப்புயரப் பீடம் ஒன்று. பீடத்தின் மேல் கப்பலின் பித்தளை மணி தலைகீழாக உட்கார்ந்திருந்தது.

சீஃப் சத்தம் போட்டதற்கு அவரே வெட்கப்பட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மூணு மணிக்கு ஞானஸ்நானம். அந்த மணியில தண்ணி ஊத்தி, அதுலதான் எங்க பிள்ளைங்களுக்குச் செய்யறது. செஞ்சு முடிச்சதும் பேரை மணிக்கு உள்பக்கம் பொறிச்சுடுவோம். எம் பொண்ணு லோர்னா பேரு அதுக்குள்ள இருக்கு. அவளுக்குப் பிள்ளை பொறந்தா அந்தப் பேரும் அதுக்குப் பக்கத்துலயே வரணும்னு எம் பொண்டாட்டி மேவிஸ் கடைசி மூச்சுவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா. நானும் சத்தியம் பண்ணினேன். நாளைக்குக் காலைல இழுவைப் படகு வந்து இந்தக் கப்பலை உடைக்கக் கொண்டுபோயிடும். மணியை இன்னைக்கு சாயங்காலமே பெட்டியில போட்டு லண்டனுக்கு அனுப்பறாங்க. இன்னைக்கு விட்டா கிடையாது மேடம். எப்பவுமே கிடையாது.”

“சரி, குண்டு குறைஞ்சா ஞானஸ்நானம் ஏன் நிக்கணும்?”

அதற்குப் பதில் கதவுப்பக்கமிருந்து வந்தது. “ஏன்னா நான் வாசலை மூடச் சொல்லிட்டேன்.”

லெப்டினன்ட் கமாண்டர் ஸ்ட்ரிக்லண்ட். துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி. சட்டையைத் தேய்க்கும்போது ஆளையும் உள்ளே வைத்தே தேய்த்துவிட்டார்களோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு விறைப்பாக நின்றார். அவரும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

“குண்டுன்னா குண்டுதான். நீலமோ பச்சையோ எனக்குத் தெரியாது. வர்ற வியாழக்கிழமை அடுத்த செலவு வெட்டைப் பத்திப் பார்லிமெண்ட்ல பேசப் போறாங்க. இருக்கிற குண்டை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்குக் கப்பல்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? ரெண்டு மணி வரைக்கும் டைம். ரெண்டு அடிச்சதும் கப்பலைக் காலி பண்ணிட்டு வெளிப் போலீசைக் கூப்பிடுவேன். ஒரு ஈ உள்ள வராது.”

“ஈ வேண்டாம் சார், ஆறு வாரக் குழந்தை,” என்றான் போகாக். “பல்லு கூட இல்லை. கடிக்காது.”

ஸ்ட்ரிக்லண்ட் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“நல்லாத் தேடினீங்களா?” என்று கேட்டார் எனிட் மேடம்.

“கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினேன் மேடம். ரெண்டு தடவை. புகைபோக்கிக்குள்ள கூட ஆளை இறக்கிட்டேன். கரைக்கும் போயிருக்காது. நடைபாலத்துல காவல் இருக்கு. நேத்திலேருந்து ஒரு சாப்பாட்டுப் பையைத் தவிர எதுவும் வெளிய போகலை.”

இவ்வளவு நேரமும் கையில் தேநீர்க் கோப்பையோடு நின்ற போகாக்குக்குக் கால் வலித்தது. மெல்லப் பீடத்தின் பின்பக்கம் போனான். அங்கே கொடி சரியாகச் சேராமல் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தது. அதில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டான்.

“டேய்! அங்க சாயாதே!” சீஃப் பதறினார். “மேல வழிபாட்டுக் கொடி ஏத்தியிருக்கு. அது பறக்கிற வரைக்கும் இந்தக் கொட்டகை தேவாலயம். தொப்பியைக் கழட்டு முதல்ல!”

போகாக் துள்ளி விலகினான். விலகிய வேகத்தில் பீடத்தின் அடியில் கால் கட்டைவிரல் இடித்தது. உயிரே போய்விட்டது. தேவாலயத்தில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைப் பாதி சொல்லி மீதியை விழுங்கினான்.

“ஓக் மரம்,” என்றார் சீஃப், கொஞ்சம் பெருமையோடு. “முப்பது வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது. ஞானஸ்நானத்துக்கு மட்டும்தான் வெளிய எடுப்போம். உன் கால்தான் உடையும்.”

குண்டறை கப்பலின் அடித்தளத்தில் இருந்தது. போகாக் நொண்டிக்கொண்டே மேடத்தின் பின்னால் இறங்கினான். வழியெல்லாம் சுவரில் துரு. பெயிண்ட் உரிந்து, செதில் செதிலாகத் தொங்கியது.

“சாகப் போற கப்பல்தானே, பவுடர் எதுக்குன்னு விட்டுட்டாங்க போல,” என்றான்.

“நாலு மாசமா பெயிண்ட் கிடையாது,” என்றார் மேடம். “சுற்றறிக்கையைப் படிச்சேன். உடைக்கப் போற கப்பலுக்கு ஒரு துளி பெயிண்ட் தரக் கூடாதுன்னு உத்தரவு. பெயிண்ட் கிடங்கையே பூட்டி சீல் வெச்சுட்டாங்க.”

குண்டறை வாசலில் காவலுக்கு நின்றவன் பெயர் ஹாப்குட். முப்பது வயது, கழுத்தும் தலையும் ஒரே அகலம். பக்கத்தில் குண்டு தள்ளுகிற வண்டி ஒன்றும், நேரே மேலே கொட்டகைக்குப் போகிற குண்டு லிஃப்டும் இருந்தன.

“நேத்து இந்த அறைக்குள்ள யார் யார் வந்தாங்க?” என்றார் மேடம்.

“அதிகாரி யாரும் வரலை மேடம். மாலுமி யாரும் வரலை. வெளியாள் யாரும் வரலை. ஸ்ட்ரிக்லண்ட் சார் இந்த மூணையும்தான் வரிசையாக் கேட்டாரு. மூணுக்கும் இல்லைன்னேன். அதுதான் உண்மை.”

“நீங்க இடத்தை விட்டு நகரலையே?”

ஹாப்குட் கூரையைப் பார்த்தான். “காவல் மாத்தாம நான் ஒரு அடி நகர மாட்டேன் மேடம்.”

“அப்ப குண்டு தானாவே கோச்சுக்கிட்டுக் கிளம்பிப் போயிருக்கும்,” என்றான் போகாக். “நூத்தி நாப்பது கிலோ. கோபம் வந்தா யாரு தடுக்க முடியும்?”

ஹாப்குட் சிரிக்கவில்லை. அவன் நெற்றி வியர்த்திருந்தது. மேடம் நோட்டை எடுத்து ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்த போகாக்குக்கு ‘காவல் மாத்தாம’ என்பது மட்டும்தான் தெரிந்தது.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. படியேறும்போது போகாக்குக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. அவனுக்கு யோசனை வருவதே அபூர்வம். வந்தால் சாப்பாட்டைப் பற்றித்தான் வரும்.

“மேடம்! கேக்!”

“பசிக்குதா?”

“இல்லை மேடம், துப்பு! ஞானஸ்நானத்துக்கு கேக் செஞ்சிருப்பாங்க. கப்பல் கேக்குன்னா எவ்வளவு பெருசா இருக்கும்! அதுக்குள்ள குண்டை வெச்சு, மேல சர்க்கரைப் பாகு பூசிட்டா யாருக்குத் தெரியும்? விருந்து முடிஞ்சு மிச்சத்தை வண்டியில வெச்சு வெளிய தள்ளிட்டுப் போயிடலாம். சமையல்காரன் மோர்ட்டிமர் கிளெக்கை எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு வருஷம் ஒண்ணா வெந்தோம். அவன் செய்வான்.”

மேடம் சமையலறைப் பக்கம் திரும்பினார். போகாக்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கிளெக் வாசலிலேயே வழி மறித்தான். “டேய் போகாக், நீயா? உப்பு டப்பாவை எண்ணி வைக்கணும்.”

“வழி விடுடா. விசாரணை.”

மேஜையின் மேல் கேக் நின்றது. அந்த ஊர் வழக்கப்படி லோர்னாவின் கல்யாண கேக்கில் மேல் அடுக்கைக் குழந்தைக்காக எடுத்துவைத்து, அதன் கீழே புதுசாக இரண்டு அடுக்கு செய்திருந்தான் கிளெக். முழங்கை உயரம். போகாக் ஒரு நீளக் கம்பியை எடுத்து, கிளெக் ‘ஐயோ’ என்பதற்குள் நடுவில் இறக்கினான். கம்பி வழுக்கிக்கொண்டு அடிவரை போனது. வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஒரு திராட்சை ஒட்டிக்கொண்டிருந்தது.

“கேக்குக்குள்ள சிமெண்டா?” கிளெக்குக்கு ரத்தம் கொதித்தது. “அது உன் கேக்குடா! நீ சுட்ட கேக்கைக் கடிச்சு ரெண்டு பேருக்குப் பல்லு போச்சு, மறந்துட்டியா? மேடம், நீங்களே சொல்லுங்க. என்கிட்ட மிச்சம் இருக்கிறது இந்த கேக் ஒண்ணுதான். சிக்கனக் கமிட்டிக்காரங்க லாரி கொண்டுவந்து எல்லாத்தையும் வாரிட்டுப் போயிட்டாங்க. என் மாவு பிசையற மெஷின், மாலுமிங்க பாடற பியானோ, மணி வைக்கிற ஓக் பீடம், அம்பு எறியற பலகை, அலமாரி ரெண்டு... கரண்டியைக் கூட நான் சட்டைக்குள்ள ஒளிச்சுத்தான் காப்பாத்தினேன்.”

போகாக் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு திரும்பினான். கிளெக் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

“என்னடா இது பின்னாடி? கடற்பறவை எதுவும் உம்மேல ஆசைப்பட்டுடுச்சா?”

போகாக் கழுத்தை வளைத்துப் பார்த்தான். புதுக் கால்சட்டையின் பின்புறத்தில், ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. “ஐயையோ! என் கால்சட்டை!”

“அசையாதே,” என்றார் எனிட் மேடம். அருகில் வந்து, குனிந்து, நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். போகாக்குக்குக் காதுமடல் வரை சிவந்தது. சமையலறையில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பெயிண்ட்,” என்றார் மேடம். “பளபளப்பு வெள்ளை. இன்னும் காயலை.”

“இந்தக் கப்பலைக் கட்டி அழுததுக்கு இது ஒண்ணுதான் பாக்கி!”

“போகாக், கொஞ்சம் மூளையைச் செலவு பண்ணு. நாலு மாசமா ஒரு துளி பெயிண்ட் இல்லாத கப்பல். கிடங்குக்கு சீல். கடற்படைப் பெயிண்டெல்லாம் சாம்பல் நிறம் வேற. அப்ப உன் கால்சட்டையில மட்டும் ஈர வெள்ளை எங்கேருந்து வந்துச்சு? இன்னைக்கு நமக்குக் கிடைச்ச ஒரே துப்பு நீ உட்கார்ற இடத்துல இருக்கு. கப்பல் ஏறினதுலேருந்து எங்கெல்லாம் சாஞ்சே?”

போகாக் விரல் விட்டு எண்ணினான். “நடைபாலக் கம்பி. அது வெறும் துரு. படிக்கட்டுக் கைப்பிடி. அதுவும் துரு. குண்டு வண்டி, மஞ்சள். அப்புறம்...” கொஞ்சம் யோசித்தான். “அப்புறம் எங்கேயும் இல்லை மேடம். கோயில்ல அந்தப் பீடத்துல ஒரு நிமிஷம் சாஞ்சேன். கட்டைவிரல் போச்சே, அப்பதான்.”

மேடம் மெல்ல கிளெக் பக்கம் திரும்பினார். “லாரி என்னைக்கு வந்துச்சு?”

“செப்டம்பர் கடைசி வாரம் மேடம். சீஃப் அப்ப லீவு. பேத்தி பொறந்த வாரம்.”

போகாக் இரண்டு வருஷமாகப் பார்க்கிறான். எனிட் மேடம் வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டது இல்லை. இப்போது சிரித்தார். மழைக்கோட்டுப் பொத்தான் தெறிக்கிற சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓடு,” என்றார். “சீஃப், ஸ்ட்ரிக்லண்ட், ஹாப்குட், மூணு பேரையும் கொட்டகைக்குக் கூட்டிட்டு வா.”

ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தவர்களை இழுத்துக்கொண்டு வருவதற்குள் போகாக்குக்கு மூச்சு வாங்கியது. ஸ்ட்ரிக்லண்ட் வெளிப் போலீசுக்குப் போன் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவழியாக எல்லாரும் வந்து நிற்கும்போது இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் பாக்கி. கொட்டகைக்குள் நுழைந்ததும் மூன்று பேரும் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றினார்கள்.

“பாத்தீங்களா?” என்றார் எனிட் மேடம். “இதுதான் விஷயம். சீஃப், காலைல தேடினப்ப இந்தக் கொட்டகையில எப்படித் தேடினீங்க?”

சீஃப் விழித்தார். “தொப்பியைக் கழட்டிட்டு... வந்தோம். நாற்காலிக்கு அடியில குனிஞ்சு பாத்தோம். சத்தம் போடாமத் திரும்பிப் போயிட்டோம். வழிபாட்டுக் கொடி ஏத்தியாச்சே மேடம். இந்தப் பக்கம் எப்படிக் கை வைக்கிறது?”

“ரெண்டாவது தடவை?”

“அப்பவும் அப்படித்தான்.”

“புகைபோக்கிக்குள்ள ஆளை இறக்கினீங்க. தண்ணித் தொட்டியைத் திறந்து பாத்தீங்க. ஆனா வழிபாட்டுக் கொடி பறந்ததால இந்த ஒரு முழத் துணியை மட்டும் தூக்கிப் பாக்கலை. கப்பல்காரனைத் தவிர வேற எவனும் இப்படி ஒரு தப்பைப் பண்ண மாட்டான்.” மேடம் பீடத்தைக் காட்டினார். “அந்த ஓக் பீடம் செப்டம்பர்ல லாரியில போயிடுச்சு. அப்ப இந்த மணி எது மேல உட்கார்ந்திருக்கு?”

போகாக் தன் கட்டைவிரலைப் பார்த்தான். ஓக் மரம் இப்படி வலிக்காது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

மேடம் கொடியின் பின்புறத்தை மெல்ல விலக்கினார். வழவழவென்று வெள்ளைப் பெயிண்ட் அடித்த உருளை ஒன்று நிமிர்ந்து நின்றது. அதில், ஒரு கை அகலத்துக்கு, போகாக்கின் கால்சட்டை துடைத்து எடுத்த இடத்தில், அடியிலிருந்த நீலம் எட்டிப் பார்த்தது.

சீஃப் பேயறைந்தவர் மாதிரி நின்றார். ஸ்ட்ரிக்லண்ட் இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸைப் பிடுங்கினார். “குண்டு கிடைச்சாச்சு! வாசலைத் திறங்க! ரிப்பீட், வாசலைத் திறங்க!” என்று கத்திவிட்டு, ஹாப்குட் பக்கம் பாய்ந்தார். “யார் செஞ்சது? யாரும் வரலைன்னு எங்கிட்டப் பொய் சொன்னியா?”

“அவர் பொய் சொல்லலை,” என்றார் மேடம். “நீங்கதான் கேள்வியைச் சரியாக் கேக்கலை. அதிகாரி வந்தாரா? இல்லை. மாலுமி வந்தாரா? இல்லை. வெளியாள் வந்தாரா? இல்லை. இந்தக் கப்பல்ல அதிகாரியும் இல்லாம, மாலுமியும் இல்லாம, வெளியாளும் இல்லாம ஒரே ஒரு ஆள்தான் உண்டு. சட்டையில ரேங்க் பட்டையே இல்லாத ஆள். ஹாப்குட், நேத்து சாயங்காலம் உங்க காவலை மாத்திவிட்டது யாரு?”

ஹாப்குட் உடைந்துபோனான். “பாதர் மேடம்! பாதர் மெரிடித்! நாலு மணிக்கு வந்தாரு. ‘தம்பி, கடற்படைப் பாதிரிக்குன்னு தனி ரேங்க் கிடையாது, யாரோட பேசறானோ அவன் ரேங்க்குதான், தெரியுமில்ல?’ன்னாரு. தெரியும்னேன். ‘இப்ப உங்கூடப் பேசறேன், அதனால நானும் காவலாள். நீ போய் டீ குடி, நான் நிக்கிறேன்’னாரு. விதிப்படி சரியாத்தானே இருக்கு மேடம்? நான் போய் டீ குடிச்சேன். பிஸ்கட்டும் சாப்பிட்டேன்.”

“எங்க அந்த ஆளு?” ஸ்ட்ரிக்லண்ட் உறுமினார்.

“இங்கதான் இருக்கேன்,” என்று ஒரு குரல் கேட்டது.

வாசலில் ஆறடி மூன்றங்குலத்துக்கு ஒரு மனிதர், மழையில் தொப்பலாக நனைந்து நின்றார். ஒரு காலத்தில் வேல்ஸில் ரக்பி ஆடியவர். தோளைப் பார்த்தால் குண்டை வண்டியில் ஏற்றியது எப்படி என்று யாரும் கேட்கத் தேவையில்லை. “மன்னிக்கணும். நாலு கப்பலுக்கு ஒரே பாதிரின்னு வெட்டிட்டாங்க. நேத்து ராத்திரிலேருந்து வேற கப்பல்ல கடல்ல கிடந்தேன், படகு பிடிச்சு வர்றதுக்குள்ள... என்ன, எல்லாரும் இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க? ஆ, பீடத்தைப் பாத்துட்டீங்களா? உயரம் கனகச்சிதமா இருக்கு இல்ல? ஓக் பீடம் போயிடுச்சுன்னு தெரிஞ்சா வில்ஃப்ரெட் உடைஞ்சு போயிடுவாருன்னு அவர்கிட்ட சொல்லலை. அந்த வெள்ளைப் பெயிண்ட், என் வீட்டு பாத்ரூமுக்கு வாங்கினது.”

“உங்களைக் கைது பண்றேன்!”

“பண்ண முடியாதே தம்பி. உங்கிட்டப் பேசும்போது நானும் லெப்டினன்ட் கமாண்டர். சம ரேங்க். மேலதிகாரி வரணும்.”

“கொமடோரைக் கூப்பிடறேன்!”

“கூப்பிடேன். அவர் வாயைத் திறந்த உடனே நான் கொமடோர். நீ அட்மிரல் வரைக்கும் ஏறிப் போ, நானும் பின்னாடியே ஏறி வர்றேன்.”

போகாக் வாயைப் பொத்திக்கொண்டான். ஸ்ட்ரிக்லண்டின் முகம் பீட்ரூட் மாதிரி ஆனது. ஆனால் மனிதர் விதியை விடுகிற ஆள் இல்லை. “சரி. உங்களை விடறேன். ஆனா ஆயுதம் இப்பவே குண்டறைக்குப் போகணும். இந்த நிமிஷமே. சீஃப்!”

“சரி சார்,” என்றார் சீஃப்.

போகாக் சுற்றிலும் பார்த்தான். குண்டை எடுத்துவிட்டால் மணி எங்கே நிற்கும்? மடக்கு நாற்காலி அதைத் தாங்காது. ஆனால் சீஃப் காட்லி முப்பத்தோரு வருஷமாக எந்த உத்தரவையும் மீறியதில்லை. மணியின் விளிம்பைப் பிடித்தார். தூக்கப் போனார். உள்பக்கத்தில், வரிசையாக இருந்த பெயர்களில் லோர்னாவின் பெயர் தெரிந்ததோ என்னவோ, கை அப்படியே நின்றுவிட்டது.

அப்போதுதான் நடைபாலத்துப் பக்கமிருந்து வீல் என்று ஓர் அழுகை கேட்டது. வாசல் திறந்த உடனே லோர்னா உள்ளே வந்துவிட்டாள். பின்னால் கணவன், அத்தைமார்கள், குடைகள். கையில் ஆறு வாரப் பேத்தி, இடுப்புக்குக் கீழே இரண்டு அடி நீளத்துக்குத் தொங்குகிற வெள்ளை உடையில், ஊரையே கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

சீஃப் மணியை விட்டார். நிமிர்ந்தார். காலையிலிருந்து தொங்கிக்கிடந்த மீசை மெல்ல எழுந்தது.

“முடியாது சார்.”

“என்னது?”

“விருந்தாளியா வந்த பொதுமக்கள் கப்பல்ல இருக்கிறப்ப எந்த ஆயுதத்தையும் இடம் மாத்தக் கூடாது சார். ஆயுதப் பாதுகாப்பு விதி நாப்பத்தேழு, உட்பிரிவு மூணு. ஒரு குழந்தை இருந்தாலும் செல்லும்னு அடிக்குறிப்பு இருக்கு. கடைசி ஆளு இறங்கிப் போற வரைக்கும் குண்டு இருக்கிற இடத்துலதான் இருக்கணும்.” வாசல் பக்கம் கை காட்டினார். “வாசலைத் திறக்கச் சொன்னது நீங்கதான் சார்.”

அந்த விதி ஸ்ட்ரிக்லண்டுக்கும் மனப்பாடம். போகாக் அருகில் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். “உட்காருங்க சார். பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க.”

பியானோ இல்லாமலே பாடினார்கள். கிளெக் கரண்டியால் தாளம் போட்டான். பாதர் மெரிடித் மணிக்குள் தண்ணீரை ஊற்றி, குழந்தையைத் தன் தோசைக்கல் அகலக் கையில் ஏந்தி, “மேவிஸ்” என்று பெயர் சொன்னபோது சீஃப் மறுபடியும் தேம்பினார். இந்த முறை போகாக் அவரைக் கிண்டல் செய்யவில்லை. அவனுக்கும் கண்ணில் ஏதோ விழுந்திருந்தது.

கேக் வெட்டி முடித்ததும் ஸ்ட்ரிக்லண்ட் ஒரு படிவத்தோடு வந்தார். “சீஃப், ஆயுதம் குண்டறையை விட்டு வெளிய வந்திருக்கு. பயன்பாட்டு அறிக்கை எழுதணும். விதி.”

“உண்டு சார்,” என்றார் சீஃப். மணி நின்ற பீடத்தின் ஓரத்திலேயே காகிதத்தை வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு நிதானமாக எழுதினார். போகாக் தோளுக்கு மேலால் எட்டிப் படித்தான்.

ஆயுதம்: பயிற்சிக் குண்டு, நீலம். தற்சமயம் வெள்ளை.

இலக்கு: ஒன்று. எடை நாலரை கிலோ.

விளைவு: இலக்கு நனைந்தது. பலமாக அழுதது. சேதம் எதுவும் இல்லை.

“சேதம் இல்லையா?” என்றான் போகாக். “என் கால்சட்டையை எழுதுங்க சீஃப்!”

ஸ்ட்ரிக்லண்ட் அறிக்கையை இரண்டு முறை படித்தார். உதட்டோரம் ஒரு தடவை துடித்தது. கையெழுத்துப் போட்டார். பிறகு யாரையும் பார்க்காமல், “அந்த கேக்ல ஒரு துண்டு இருந்தா...” என்றார். கிளெக் கம்பி ஓட்டை இருந்த துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான்.

சீஃப் காட்லி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பீடத்தின் பக்கம் நின்றார். கொடியை விலக்கி, வெள்ளையும் நீலமுமாக இருந்த குண்டை உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தார்.

“முப்பத்தோரு வருஷம் மேடம்,” என்றார் எனிட்டிடம். “எத்தனை ஆயிரம் குண்டு என் கைல வந்து போயிருக்கும்! ராத்திரி பகல்னு பாக்காம துடைச்சேன், பூட்டினேன், காவல் காத்தேன். அதுல ஒண்ணே ஒண்ணுதான் ஒரு வேலைக்கு உதவுச்சு.”